எர்த் பிடிக்காத கார்

எர்ணாவூரில் இருக்கும் என் ஒயரிங் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நோயையும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிடும். பத்தொன்பது வருடமாகக் காரின் மின்சார வேலையை மட்டுமே பார்க்கிறேன். "மெக்கானிக் அண்ணன் இல்லீங்களா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்களுக்கு, வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் பதில் சொல்வேன்.

அன்று காலை ஒரு காசிமேட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டு, கையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் புது டைனமோவின் பெட்டியோடு இறங்கினார்.

"அக்கா, இத்த மாட்டிக் குடு, போதும். ஒரே பேஜாரா கீது."

ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருக்கிறார். அப்படியும் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகுகிறதாம். துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் ஓட்டம். ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்னொரு நாள் நின்றால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கூட வந்திருந்த மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன வருசம் மீன் புடிக்கப் போன போட்டு கடல்ல கவுந்து, விடியிற வரிக்கும் ஒரு பிளாஸ்டிக் கேனைப் புடிச்சிகினு மெதந்துகினு இருந்தாரு அக்கா. நாந்தான் அடம்புடிச்சி கார் ஓட்ட வெச்சேன். இன்னிக்கு வண்டி சரியாவலன்னா நாளைக்கே போட்டுல ஏறிடுவேன்னு சொல்றாரு. போட்டுல அவுரு எடத்த இன்னும் வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிகினு கீறாங்க."

பானட்டைத் திறந்தேன். உள்ளே இரும்பு தெரிந்த இடமெல்லாம் பளபளவென்று நீலப் பெயிண்ட். எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கு இப்படித் துருவே இல்லாத ஒரு வண்டியைப் பார்ப்பதே அபூர்வம். "சூப்பரா வெச்சிருக்காரே" என்று அவளிடம் பாராட்டவும் செய்தேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

என்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டு, மீட்டரை எடுத்தேன். பழைய டைனமோவிலேயே வைத்துப் பார்த்தால் பதினாலே கால் வோல்ட். பேட்டரியில் பதின்மூன்றுகூட முழுசாக இல்லை. டைனமோ ஒழுங்காகத்தான் கொடுக்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. மின்சாரம் ஒயர் வழியாகப் போனால் மட்டும் போதாது, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பியும் வரவேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் நாங்கள் எர்த் என்று சொல்கிறோம். போகும் வழியை அளந்தேன், குறை இல்லை. திரும்பும் வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அதற்கு அடியிலும் நீலப் பெயிண்ட், நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாக.

அதற்குள் அவர் திரும்பி வந்திருந்தார். பெயிண்ட் யார் அடித்தது என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றார் பெருமையாக. "உப்புக் காத்து துன்னுடும்ல? அல்லாத்தையும் கயட்டி, மூணு கோட்டு அடிச்சிட்டுத்தான் திருப்பி மாட்டுனேன். போட்டுக்கு அப்டித்தான் அடிப்போம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியதும் சிரித்திருக்க வேண்டாம் என்று வருத்தமாகிவிட்டது. படகில் கொக்கி, வளையம் எல்லாவற்றையும் கழற்றி, அடியில் பெயிண்ட் அடிக்காமல் மாட்டினால் அந்த இடம்தான் முதலில் அரிக்கும். இருபது வருடம் அவர் கை பழகிய வேலை அது. ஆனால் பெயிண்ட் வழியாக மின்சாரம் பாயாது; காரில் அதே அக்கறைதான் மின்சாரத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

இரண்டு முனையிலும் உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்தேன். போல்ட்டை முறுக்கிவிட்டு, "மொதல்ல டைட் பண்ணணும், அப்புறம் அதுக்கு மேல எவ்ளோ வேணா பெயிண்ட் அடிச்சிக்கோங்க" என்றேன். இப்போது ஏசியும் லைட்டும் எரியும்போதே பேட்டரியில் பதினாலு நின்றது. காய்ந்து கிடந்த பேட்டரியை மதியம்வரை சார்ஜரில் போட்டுவைத்து, பிறகு பத்துத் தடவை அணைத்து அணைத்து எடுத்துப் பார்த்தோம். பத்துத் தடவையும் சட்டென்று பிடித்தது.

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு விடிகாலைல எடுக்குமா அக்கா?"

வேலைக்கு நான் எத்தனையோ உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். ஒரு மனுஷனின் உயிருக்குக் கொடுத்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. போல்ட்டை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

"எடுக்கும். போட்டுக்காரருக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடச் சொல்லு."

அவர் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு என் கடை வாசலில் நின்றபடியே போன் போட்டார்.

"மாமு, நாந்தான். என் எடத்துக்கு வேற ஆள ஏத்திக்க. இல்ல, இனிமே வரல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.