ஐந்தேகால் குதிரை

குதிரைச் சக்தியை அளக்கும் இயந்திரம் என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. ஹெப்பாளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில், கம்பெனி எஞ்சின்களை நாள் முழுக்க அதில் பூட்டி எண்களைக் குறிப்பதுதான் என் உத்தியோகம். அண்ணாவுடைய காரின் எஞ்சினை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் பூட்டிப் பார்க்கலாமா என்று மேலாளரைக் கேட்டேன். "என்ன மேடம், ஃபேக்டரிய கேரேஜ்னு நினைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் காப்பியைக் குடித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இது.

அண்ணா வருஷா வருஷம் கார் ராலி ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் மின்சாதனக் கடை, ஏழாவது நாள் அந்தப் பழைய கார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான்தான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்வேன். "அடுத்தது வலது, மெதுவா", "அடுத்தது இடது, விடலாம்" என்று மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு கத்திக் கத்தியே என் இளமை போனது. ஒரு தடவை என்னை ஓட்ட விடுங்கள் என்று கேட்டால், "நீ நல்லாத்தான் ஓட்டுவேம்மா, ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எதுவும் வராது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர் புது கேம் ஷாஃப்ட் போட்டார், சைலன்சரை மாற்றினார். சத்தம் கூடியதே தவிர மேட்டில் கார் முக்கி முனகியது. எனக்குக் காரணம் தெரியும். காற்றும் பெட்ரோலும் கலந்து நான்கு சிலிண்டருக்கும் பிரிந்து போகிற குழாய் இருக்கிறதே, இன்டேக் மேனிஃபோல்ட், அது தொழிற்சாலையில் வார்த்தபடியே சொரசொரவென்று கிடந்தது. நடு இரண்டுக்கும் குட்டைப் பாதை, ஓரத்து இரண்டுக்கும் சுற்றுப்பாதை. ஓரத்துச் சிலிண்டர்கள் பாதிப் பட்டினி. நான்கு குழாயும் ஒரே நீளத்தில் வருகிற மாதிரி புதிதாக ஒன்று வார்க்கிறேன் என்றேன்.

"வார்த்து?"

"சக்தி கூடும்."

"எவ்வளவு? சும்னே வாயால சொல்லாதே. அஞ்சு குதிரை ஜாஸ்தி காட்டு. இந்த வருஷம் ஸ்டியரிங் உனக்கு, மேப் எனக்கு."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். வங்கியில் வேலை, சண்டை சச்சரவு என்றால் பத்தடி தள்ளி நிற்கிற சுபாவம். "மச்சான் வாக்கு குடுத்துட்டாரு பாத்தியா?" என்று என்னைவிட அவர்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

முதல் வார்ப்பு நாசம். அலுமினியத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள். எஞ்சினில் பூட்டியதும் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது. இரண்டாவதில், குழாய்க்குள் வெற்றிடம் விட வைக்கிற உள்ளச்சு நகர்ந்து ஒரு குழாய் நசுங்கிப் போனது. வார்ப்புப் பட்டறைக்காரர் "ஏன் மேடம், பழையது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. அதன் உட்புறத்தை ஆபீஸ் விட்டு வந்து தினமும் உப்புத்தாளால் தேய்த்தேன். சமையல் வேலையை அந்த நாட்களில் பெரும்பாலும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இயந்திரம் இல்லையென்றால் என்ன, கணக்கு இருக்கிறதே. காரின் எடை தெரிய வேண்டும். மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எண்பதைத் தொட எத்தனை நொடி என்று தெரிய வேண்டும். எவ்வளவு எடையை எவ்வளவு சீக்கிரம் தள்ளியது என்பதிலிருந்து சக்தி வந்துவிடும். லாரிகளின் எடை மேடையில் காரை நிறுத்தி எடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி பஸ் ஓடாத நேர் சாலை ஒன்றைப் பிடித்தேன். அண்ணா ஓட்ட, நான் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு. என் வீட்டுக்காரர் சாலைக் கோடியில் சிவப்புத் துண்டோடு மாடுகளை நிறுத்துவார்.

மாடுகளையாவது நிறுத்தலாம். பழைய மேனிஃபோல்டோடு அளக்கப் போன முதல் ஞாயிறு, சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையட்டும் என்று. குதிரையை அளக்கப் போன இடத்தில் கொள்ளு! அண்ணாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதன்மேல் வேகமாகப் போனால் டயர் வழுக்கும், மெதுவாகப் போனால் கணக்கு இல்லை. "நிதானவாகி ஹோகம்மா, எல்லாம் பறந்து போகுது" என்று பயிருக்குச் சொந்தக்காரி கன்னடமும் தமிழுமாக என்னைத்தான் திட்டினாள். ஓட்டினது அண்ணா, திட்டு எனக்கு. அறுவடை முடிகிறவரை காத்திருந்து ஒருவழியாகப் பழையதை அளந்து முடித்தேன்.

புதியதைப் பூட்டிய வாரம் கார் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. ஞாயிறு காலை போய், எதிர்க்காற்றுக்கு ஒரு திசை, பின்காற்றுக்கு ஒரு திசை என்று மாற்றி மாற்றி ஓடவிட்டோம். பேனட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஏழு குதிரை கூடியிருந்தது. ஏழு! மறுபடி போட்டேன், அதே ஏழு. அண்ணா காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

மலைத் திருப்பங்களில் கை பழக வேண்டும் என்று அடுத்த ஞாயிறே நானும் என் வீட்டுக்காரரும் மாதேஸ்வர மலைப் பக்கம் கிளம்பினோம். பாலாறு வரை போய்த் திரும்புவதாக எண்ணம். கொள்ளேகாலம் தாண்டி கார் அப்படி இழுத்தது. நான் பாட்டுக்கூடப் பாடினேன். கௌதள்ளியைக் கடந்ததும் பின் டயர் பங்சர் ஆனது.

"போனாப் போகுது, ஸ்டெப்னி மாட்டிக்கலாம்" என்று இறங்கி டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி இல்லை. ஜாக்கி இல்லை. கருவிப் பெட்டியும் இல்லை. டிக்கி துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே?"

"நம்ம வீட்டுல, சாக்கு போட்டு மூடி, கேஸ் சிலிண்டர் பின்னாடி... திருப்பி வைக்கணும்னுதான் இருந்தேன், மறந்துபோச்சு."

"எப்ப எடுத்தீங்க?"

"புதுசை அளக்கப் போன அன்னிக்குக் காலைல. நீ குளிக்கப் போயிருந்தே. எடை குறைஞ்சா வேகம் கூடும்னு நீதானே சொன்னே? உனக்காகத்தான்மா."

உனக்காகத்தானாம்! பழைய எடையை வைத்தல்லவா நான் கணக்குப் போட்டேன்! நடு ரோட்டில் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வழியாக வந்த கட்டை மீசை லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க அம்மிணி, ஸ்டெப்னி இல்லாமயா இந்த ரோட்டுல வருவீங்க?" என்று கேட்டார். "இவரைக் கேளுங்க" என்றேன். லாரிக்காரரே தன் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்து, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஜாக்கியையும் ஸ்பானரையும் விட்டுவைத்தார். என் வீட்டுக்காரர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு கௌதள்ளிக்கு பங்சர் ஒட்டப் போனார்.

கல்லின் மேல் உட்கார்ந்து கணக்கைத் திருத்தினேன். இல்லாத எடையைக் கழித்தால் ஏழு குதிரை ஐந்தேகால் ஆனது. ஐந்தேகால்! அவர் கையே வைக்காமல் இருந்திருந்தால்கூட நான் ஜெயித்திருப்பேன். அதைவிட இன்னொன்றுதான் உள்ளே போய்க் குத்தியது. ஒரு ஓட்டம் ஓடி, போதவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். முதல் ஓட்டத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார். மூன்று மாதம் என் கைத் தோல் உரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், எனக்குச் சோறு போட்டவர், இது வேலை செய்யாது என்று முடிவே கட்டியிருக்கிறார்.

சக்கரத்தோடு திரும்பி வந்ததும் அதையே கேட்டேன். "எம்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"நீ தோத்துட்டா தாங்க மாட்டியேன்னு..." என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் குறையவில்லை.

"மச்சான்கிட்ட சொல்ல வேணாம். அஞ்சேகால்னாலும் ஜெயிச்சாச்சுதானே?" என்று வழியெல்லாம் கெஞ்சினார். தப்பான எண்ணை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார என்னால் முடியாது. நேரே அண்ணா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அஞ்சேகாலா? நீ ஸ்டாப்வாட்ச் அமுக்கறதுலயே அந்தக் காலும் அதுக்கு மேலயும் போயிடும்மா."

உண்மையாகவே போய்விடும். என் சோதனைக்கூடத்தில் வேறு யாராவது இப்படி ஒரு கால் குதிரையைக் கொண்டு வந்து நீட்டியிருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுபடி அளக்கலாம் என்று அண்ணா சம்மதித்தார். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. ஈரச் சாலையில் எடுத்த எண் எதற்கும் ஆகாது. சிவப்புத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் சாலைக் கோடியில் நனைந்துகொண்டே நின்றார். நான் அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. ராலிக்குப் பெயர் கொடுக்கிற கடைசி நாளும் மழையிலேயே போனது. ஓட்டுநர் பெயரில் அண்ணா, வழிகாட்டி பெயரில் நான்.

ராலி அன்றைக்கு மழை விட்டிருந்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நெடிய ஏற்றம். போன வருஷம் கார் இரண்டாவது கியரில் முக்கி முனகிய இடம். அண்ணா மூன்றாவதிலேயே வைத்து மிதித்தார். கார் விர்ரென்று ஏறியது.

"அடேயப்பா!" என்று கத்தினார். "என்னம்மா இழுக்குது இது! பழசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே!"

"ஸ்டெப்னி பின்னாடிதான் இருக்கு அண்ணா" என்றேன். "ஜாக்கியும் இருக்கு. கிளம்பறப்ப நானே பாத்து வச்சேன்."

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"ரோட்டைப் பாருங்க" என்றேன். "அடுத்தது வலது, மெதுவா."