ஒரு ‘கல்’ கூடிப்போன கிட்டார்

என் இடது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கேளம்பாக்கத்தில் ஒரு மரக்கடைக்கு வேலைக்குப் போன புதிதில், பிளைவுட் அறுக்கிற மெஷினில் போனது. அதற்குப் பிறகு பெயின்ட் வேலைக்கு மாறினேன். விரல் போனதைவிட, இனிமேல் கிட்டார் பிடிக்க முடியாதே என்பதுதான் எனக்குக் கவலை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் அப்போதுதான் நாலு கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பிடி, கற்றுக்கொண்டிருந்தேன்.

கடையில் விற்கிற கிட்டார் எதிலும் எனக்கு எஃப் கார்டு வராது. விரல் எட்டாமல் ஒரு கம்பி செத்த மாதிரி ‘டக்’ என்னும். செங்கல்பட்டில் கிட்டார் செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று குழுவில் சொன்னார்கள். போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். கையை நீட்டச் சொன்னார். விரலைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நூலை எடுத்து, விரலுக்கு விரல் வைத்து அளந்தார். கிட்டாரின் கழுத்தை அந்த அளவுக்கு ஒல்லியாக இழைத்துக் கொடுத்தார். எஃப் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வருகிறவரைக்கும் அந்த ஒரு கார்டையே பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் செய்வதெல்லாம் சாதா கிட்டார், உள்ளே பொந்து வைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குழுவுக்கு கீபோர்டு, டிரம்ஸ், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டன. அந்தச் சத்தத்தில் என் கிட்டார் கேட்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. கரண்ட் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரு பையனைக் கூட்டிவரலாம் என்று பேச்சு அடிபட்டது. நான் கடையில் ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் அந்தக் கழுத்து என் கைக்கு ஆகாது. அவர் ஒன்று செய்தால்தான் உண்டு.

அந்தச் சமயத்தில் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் ஒன்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு சார் மேஜையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் திறந்து கிடந்தது. அதில் ஒரு கரண்ட் கிட்டார் படம். பழைய காலத்து மாடல், ஒரே கட்டையில் செதுக்கினது, தேன் கலர். நான் பிரஷ்ஷோடு நின்று பார்ப்பதைப் பார்த்து, “அது கிளாசிக் மாடல்பா” என்றார் சார். அந்தப் பக்கத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வருகிற வழியில் அந்த வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம். கடை போர்டில் எல்லாம் மெடிக்கல், எலக்ட்ரிக்கல், ஆப்டிக்கல் என்றுதானே எழுதியிருக்கிறார்கள். சார் அவசரத்தில் சுருக்கிச் சொல்லியிருப்பார், முழுசாகச் சொன்னால் கிளாசிக்கல்தான் என்று நானே முடிவு செய்தேன். செங்கல்பட்டு போய், தப்பில்லாமல் சொல்லவேண்டுமே என்ற பயத்தில் நிதானமாகச் சொன்னேன்: கிளாசிக்கல் கிட்டார், கரண்ட்டில் வாசிக்கிற மாதிரி.

அவர் “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு தகவலே இல்லை. மழைக்காலம் வந்து போனது. சைவ ஓட்டலில் உட்கார்ந்து மீன் குழம்பு கேட்ட மாதிரி, சாதா கிட்டார் செய்கிறவரிடம் போய்க் கரண்ட் கிட்டார் கேட்டுவிட்டோமே, கோபித்துக்கொண்டார்போல என்று நினைத்தேன். பஸ்ஸில் அவர் கடை வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். இறங்க மாட்டேன். கிட்டார் போனால் போகிறது, இந்த மனுஷனை இழந்துவிட்டால் என் கைக்கு வேறு யார் செய்வார்கள் என்று சோறு இறங்காது. இதற்கெல்லாமா சோறு இறங்காது என்று வீட்டில் சிரித்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறேன், கோயில் வாசலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு அவர் நிற்கிறார். கேரியரில் லுங்கி சுற்றின ஒரு கட்டை.

“கைய குடு” என்றார்.

லுங்கியைப் பிரித்து, இன்னும் முடிக்காத ஒரு கிட்டார் கழுத்தை என் கையில் வைத்தார். பலகை மாதிரி அகலம். என் விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

“நான் நென்ச்சேன். இதுல எஃப் புடிக்கணும்னா உனுக்கு இன்னொரு கைதான் ஒட்ட வெக்கணும். இன்னாத்துக்குபா கிளாசிக்கல் கேட்ட?”

பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். புத்தகம், தேன் கலர், ஒரே கட்டை, உள்ளே பொந்து கிடையாது, பழைய காலத்து மாடல். அவர் அப்படியே மொபெட் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அது கிளாசிக்குடா, பழைய பேர்போன மாடலு. கிளாசிக்கல்னா நைலான் கம்பி போட்டது, கழுத்து அகலமா கீறது. நைலான்ல எப்டி கரண்ட்டு கிட்டார் பண்றதுன்னு மண்டைய ஒடச்சிகினு கீறேன். இரும்புக் கம்பின்னாத்தான் உள்ள கீற காந்தம் சத்தத்த எடுக்கும். காந்தம் நைலான இழுக்குமான்னு டிவி மெக்கானிக்காண்ட போய்க் கேட்டு, அவன் என்ன மேலயும் கீழயும் பாக்குறான். ஒரு கல்லத் தூக்கி என் தலையில போட்டுட்டியேபா.”

வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் மட்டும், முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாத்த என்று கேட்டேன்.

“உன் கைய வெச்சிகினு நீ ஒண்ணு கேக்குற. முடியாதுன்னு எப்டி சொல்றது?” என்றார்.

இத்தனை மாதமும் அவர் என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார், நான் அவரிடம் கேட்கப் பயந்திருக்கிறேன். அவரை மாதிரி ஓர் ஆள் எனக்காக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். நான் கவலைப்பட்டே வீணாக்கின நாளுக்குக் கணக்கில்லை. அதில் அந்த மழைக்காலத்தை மட்டும் திருப்பிக் கொடு என்று யாரையும் கேட்க மாட்டேன்.

அகலமான கட்டைதானே, இழைத்தால் ஒல்லியாகிவிடும் என்றார். அங்கேயே, கோயில் சுவர் ஓரமாக, மறுபடி நூல் வைத்து அளந்துகொண்டு போனார். அதே கட்டையில்தான் கழுத்து செய்தார். உடம்புக்கு ஒரு பழைய கதவின் தேக்கு. காந்தமும் அதைச் சுற்றுகிற காயில் கம்பியும் சென்னையில் வாங்கிவந்தார். ஒயர் வேலையை அந்த டிவி மெக்கானிக்கே செய்து கொடுத்திருக்கிறார். கலர் மட்டும் என் வேலை. என் பெயின்ட் டப்பாக்களையே கலந்து கலந்து பார்த்தும் தேன் வரவில்லை. கடுங்காப்பி கலரில் நின்றது. நல்லாத்தான் கீது, விடு என்றார்.

ஈஸ்டர் பூசைக்கு அதை வாசித்தேன். அவர் கடைசி வரிசையில் உட்காராமல் பக்கத்துக் கதவருகே, என் இடது கை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். பாட்டைக் கேட்டாரா என்று தெரியாது. எஃப் வருகிற இடத்திலெல்லாம் அவர் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டது.

வெளியே வந்ததும், “கை வலிக்குதா?” என்றார்.

“இல்ல அண்ணாத்த.”

“அப்ப சரி” என்று மொபெட்டை உதைத்தார்.