கேப்டன் நூமானின் இடது காது

உடம்பு முடியவில்லை என்று கேப்டன் நூமான் கர்சல்லி விடுப்பு எடுத்ததே இல்லை. துனிஸில் எங்கள் விமானக் கம்பெனி முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லும். அவருக்கும் அதில் பெருமைதான். யாராவது விடுப்பு சொன்னால், "போய் அம்மா மடியில படுத்துக்கச் சொல்லு" என்று சிரிப்பார். நான் ரீம், அவருடைய துணை விமானி.

அந்த ரமலானில் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஜித்தா விமானங்களில் கூட்டம் தாங்கவில்லை. அவருக்குக் கடும் சளி. காது அடைத்திருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் தலைமை விமானி மொந்தரிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மொந்தர், இன்னிக்கு என்னால முடியாதுப்பா. காது அடைச்சிருக்கு."

"நீயுமா? நோன்பு வந்தா எல்லாருக்கும் சளி வந்துடுது! பயிற்சியாளர் பதவிக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்கில்ல? சரி, உன் இஷ்டம். நான் வற்புறுத்தல."

நூமான் போனை வைத்துவிட்டு மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்.

"வேண்டாம் கேப்டன். வீட்டுக்குப் போங்க."

"எத்தனை பேரைக் கேலி பண்ணியிருக்கேன்! இப்ப நான் எந்த மூஞ்சியோட போறதும்மா?"

ஜித்தாவில் விமானம் இறங்கத் தொடங்கியதும் அவர் அலறிக்கொண்டு இடது காதைப் பொத்தினார். விரலிடுக்கில் ரத்தம். "தலை சுத்துது, நீ பார்த்துக்கோ" என்றார். கதவுக்கு அப்பால் யாத்ரீகர்கள் 'வந்தேன் இறைவா' என்னும் லப்பைக்கை உரக்க ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் தரையிறக்கினேன்.

செவிப்பறையோடு உள்காதும் போய்விட்டது. தலைசுற்றல் நிற்கவே இல்லை. விமானி உரிமத்தைப் பறித்தார்கள்.

விசாரணையில் மொந்தர் நிதானமாகச் சொன்னார்: "உடம்பு சரியில்லாம பறக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. நான் வற்புறுத்தவும் இல்ல."

"அப்படித்தான் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"சொன்னார். ஆனா அதுக்கு முன்னாடி..."

"போதும், உக்காருங்க."

நூமான் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பேசியது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. வெளியே வந்தால், அவரைத் தலையில் வைத்து ஆடிய அதே ஆட்கள், "காது அடைச்சவன் எதுக்கு ஏறினான்?" என்று பேசியபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போன் செய்தேன். "உனக்குமா?" என்றார் மொந்தர்.

"ஆமா, எனக்கும்தான்" என்று சொல்லி, போனை வைத்துவிட்டுப் போர்த்திப் படுத்தேன்.

கேப்டன் பயிற்சிக்கு என்னைவிடச் சின்னவர்களையெல்லாம் எடுத்தார்கள். நேரில் போய்க் காரணம் கேட்டேன்.

"உன்னை யாரும் ஒதுக்கலையேம்மா" என்றார் மொந்தர், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். "முதல்ல உடம்பைத் தேத்திக்கோ."