முடிச்சக்கா ஒரே நூலில் கட்டிய இரண்டு தோல்கள்

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், பார்வையாளர் நுழையாத அறையில், கங்காருத் தோல்களும் அதன் சின்ன உறவான வாலபியின் தோல்களும் இழுப்பறைகளில் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு: பெயர், பிடிபட்ட இடம், தேதி, பின்பாதத்தின் நீளம். அந்தச் சீட்டுகளை இருபத்தாறு வருஷம் நூலால் கட்டியவரை முடிச்சக்கா என்போம். பத்தாவதோடு நின்றவர். அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. விலங்கியல். இன்றும் அதை நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். நான் சேர்ந்த மூன்றாம் மாதம், சில வாலபிகளை மேக்ரோபஸ் என்ற பேரினத்திலிருந்து பிரித்து நோட்டாமேக்ரோபஸ் என்று மாற்றி எழுதும் வேலை வந்தது. அக்கா விடுப்பில் இருந்தார். புதுச் சீட்டு எழுதிக் கட்டிவிடலாம் என்று பத்தொன்பது பழைய சீட்டுகளைக் கத்தரித்து மேசையில் குவித்தேன். எது எந்தத் தோலுடையது என்று குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பழந்தோல்களில் எண்ணும் கிடையாது.

மறுநாள் அக்கா குவியலைப் பார்த்தார்.

"பழைய சீட்டு மேலயே இருக்கணும் தம்பி. புதுசைப் பக்கத்துல கட்டுவோம். இதெல்லாம் எது எதோடது?"

"எல்லாம் ஒரே இனம்தானேக்கா…"

"எங்க, எப்பப் பிடிபட்டுச்சுன்னு தெரியாட்டி இது வெறும் தோலு. செருப்பு தைக்கத்தான் ஆகும். காலேஜ்ல இதைச் சொல்லித்தரலையா துரைக்கு?"

அக்கா அளவுகோலை எடுத்துப் பாதம் பாதமாக அளந்து சீட்டோடு ஒப்பிட்டார். காய்ந்தால் பாதம் சுருங்கும். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் பதினேழு சேர்ந்தன. மிச்சம் இரண்டு. இரண்டும் பெண், பாதநீளம் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே அளவு. ஒரு சீட்டு ஆற்றங்கரை என்றது, மற்றது மலைச்சரிவு. இரண்டு தேதிகளுக்கும் நடுவே நாற்பது வருஷம்.

"ஏதோ ஒண்ணைக் கட்டிடலாம்க்கா. யாரு கேக்கப் போறா?"

"நாளைக்கு ஒருத்தன் நம்பி எழுதுவான். அவனைப் படிச்சவனும் தப்பா எழுதுவான். அதுக்கு இது தொலைஞ்சதாவே இருக்கட்டும்."

இரண்டு தோல்களையும் ஒரே நூலில் பிணைத்தார். பழைய சீட்டுகள் இரண்டையும் அதிலேயே கோத்தார். மூன்றாவதாக ஒரு வெற்றுச் சீட்டை நீட்டினார்.

"எது எதுன்னு தெரியாதுன்னு எழுது. ஏன் தெரியாதுன்னும் எழுது. கையெழுத்துப் போட்டு, டிகிரியையும் போடு."

போட்டேன்.

அக்கா போன வருஷம் இறந்துவிட்டார். ஆராய வருகிறவர்கள் அந்த இழுப்பறையைத் திறக்கிறார்கள். என் சீட்டைப் படிக்கிறார்கள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தோலை எடுக்கிறார்கள்.