திரையில் முளைத்த மீசை

சென்ற வருடம், அதாவது 1986-இல், அரூர் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். அந்த வாரக் குறிப்பு இப்படி இருக்கிறது:

1. திங்கள்: கம்ப்யூட்டருக்காக ஒரு பெண் முகம் வரைந்தேன்.
2. செவ்வாய்: முகம் கறுத்து, கூந்தல் வெளுத்து வந்தது.
3. புதன் காலை: சரிசெய்தேன். மீசை முளைத்தது.
4. புதன் மாலை: மீசை போயிற்று.
5. வியாழன்: அதிகாரி வந்தார்.

பள்ளிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டிப்ளமோ முடித்த என்னை அதைச் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மார்ச்சோடு வேலை முடிந்துவிடும். பார்வையிட வரும் அதிகாரி நல்லவிதமாக எழுதினால் இன்னொரு வருடம் நீடிக்கும். இல்லாவிட்டால் சொந்த ஊரான பொம்மிடிக்குத் திரும்பி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி தட்டு நீட்ட வேண்டியதுதான்.

அதிகாரி உள்ளே நுழைந்ததும் திரையில் ஒரு பெண் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது தலைமையாசிரியையின் ஆசை. நான் கிராஃப் தாளில் முகம் வரைந்தேன். வெறும் கோடாக இருந்தால் உயிர் இருக்காது என்று நிழலும் போட்டேன். கூந்தலுக்கு எல்லாக் கட்டத்தையும் பென்சிலால் நிரப்பினேன். நிழலுக்கு ஒன்று விட்டு ஒன்று. லேசான நிழலுக்கு நான்கில் ஒன்று. தாளில் அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள். எட்டு எட்டுக் கட்டத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண் என்று கணக்கிட்டு, மொத்தம் இருநூற்று நாற்பது எண்களாக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

திரையில் வந்தது பேய். நான் பென்சிலால் கறுப்பாக்கிய இடமெல்லாம் திரையில் பச்சையாக எரிந்தது. கூந்தல் ஜொலித்தது. முகம் இருண்டு கிடந்தது.

எங்கே தவறு என்று புரியாமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து அறை தையல் டீச்சர் எட்டிப் பார்த்தார். பென்னாகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மூன்று மாதமாக அவரோடு நான் சரியாகப் பேசியதுகூட இல்லை. கம்ப்யூட்டருக்கும் தையலுக்கும் என்ன பேச்சு என்ற நினைப்பு.

"கறுப்புத் துணியிலதானுங்க பூ போடறீங்க? அப்புறம் வெள்ளைத் துணி டிசைன வெச்சா எப்படிங்க வரும்? திருப்பிப் போடுங்க" என்றார்.

ஒரே வரியில் முடிந்துவிட்டது. தாள் வெள்ளை, திரை கறுப்பு. ஒவ்வோர் எண்ணையும் 255-இலிருந்து கழித்தால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிவிடும். உடனே நோட்டை எடுத்துக் கழிக்க ஆரம்பித்தேன். மறுநாள் காலை நூற்றெழுபதாவது எண்ணில் இருந்தபோது அவர் மறுபடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் பொட்டி கணக்குப் போடாதுங்களா?"

நோட்டை மூடினேன். புரோகிராமில் ஒரே ஒரு வரி மாற்றினேன். கம்ப்யூட்டர் இருநூற்று நாற்பதையும் தானே கழித்துக்கொண்டது.

இப்போது கூந்தல் கறுப்பு, முகம் வெளிச்சம். கூடவே மூக்குக்குக் கீழே நான் போட்ட நிழல் அடர்த்தியான மீசையாக நின்றது. இரண்டு கன்னத்து நிழலும் சேர்ந்து தாடி. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"என்னங்கம்மா இது? சேலம் பஸ் கண்டக்டருக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்குது! நாளைக்கு என் மானத்த வாங்கிறாதீங்க."

அவர் போன பிறகு தையல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "உங்க பொண்ணுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுங்க?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. முகம் என்றால் நிழல் இருக்கும், அதனால் எங்கும் போட்டிருந்தேன். அவர் என்னைத் தையல் அறைக்கு அழைத்துப் போய் ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். ஜன்னல் பக்கக் கன்னத்தில் நிழலே இல்லை. மறு கன்னம் மங்கலாக இருந்தது. மூக்கின் நிழலும் அந்த ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது.

"பார்த்தீங்களா? உங்களுக்கு மீசை இல்லீங்க" என்றார்.

இடது கன்னத்துப் புள்ளிகளை எல்லாம் எடுத்தேன். வலது கன்னத்தில் ஓரத்தில் அடர்த்தி, உள்ளே வர வரக் குறைவு. மூக்கருகே நான்கே புள்ளி. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் திரையில் ஒரு பெண் இருந்தாள்.

வியாழக்கிழமை அதிகாரி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "முகத்துல ஒரு பக்கம் ஏன் கறுத்துருக்கு?" என்றார். பின்னால் நின்ற தையல் டீச்சர்தான் சொன்னார்: "ஜன்னல் இந்தப் பக்கம் இருக்குதுங்க சார்."

அதிகாரி திரும்பி அறையைப் பார்த்தார். தூசி வராமலிருக்க ஜன்னலை அடைத்துத் துணி தொங்கவிட்டிருந்தோம். ஆனாலும் தலையசைத்து, "கரெக்ட்" என்றார்.

வேலை ஒரு வருடம் நீண்டிருக்கிறது. அதன் பிறகு எப்படியோ தெரியாது. நான் படிக்காத பாடம் எந்த அறையில் நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாடு தையல் அறையில்தான்.