நீல ஜாடியின் பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலையிலேயே புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி வந்து இறங்கினார். காரைக்காலில் ஒரு சின்ன மியூசியத்தில் நான் தினக்கூலி அட்டெண்டர். என்னைப் பர்மனெண்ட் ஆக்கும் ஃபைல் அவர் மேஜையில்தான் கிடந்தது. எழுபதுகளில் அந்த வேலைக்கு இருந்த மவுசே வேறு.

பூஜையன்று டைப்ரைட்டர், பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். எங்கள் சூப்பிரண்டு, “அந்த ஜாடிய ஏன்யா விட்ட? நமக்குச் சோறு போடுறதே அதான்” என்றார். பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து வந்த நீலக் கண்ணாடி ஜாடி அது. அதன் கழுத்திலும் ஒரு பொட்டு வைத்தேன்.

ஆபீஸ் திறந்ததும் மற்றதையெல்லாம் துடைத்துவிட்டேன். ஜாடி இருந்த ஷோகேஸின் பூட்டு மட்டும், உப்புக்காற்றில் துருவேறியது, பூஜையன்று பூட்டியதோடு சிக்கிக்கொண்டு திறக்கவில்லை.

அதிகாரி லென்ஸை ஷோகேஸ் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“கழுத்துல சிவப்பு வட்டம் ஒண்ணு. சுத்தி மஞ்சள் பூச்சு. கையால தீட்டுனது. இத ஏன் ரிஜிஸ்தர்ல எழுதல?”

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் ஃபைல் குப்பைக்கூடைக்குப் போகும்.

“விட்டுப்போச்சுங்க சார்” என்று சூப்பிரண்டே ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டார்.

அதிகாரியின் கார் கிளம்பியதும் சூப்பிரண்டிடம் கேட்டேன். “பூட்ட ஒடச்சித் தொடச்சிரட்டுங்களா சார்?”

“தொடச்சா வட்டம் எங்கன்னு கேப்பாங்க. ரிஜிஸ்தர்ல ஏறிடுச்சுல்ல? இனிமே அது இருந்தாகணும்.”

பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. ஷோகேஸுக்குப் புதுப்பூட்டும் வந்தது. வருஷா வருஷம் ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு முதல் நாள் சந்தனம் குழைத்துப் பழைய அளவிலேயே பொட்டு வைப்பேன். வந்தவர்கள் ரிஜிஸ்தரைப் பார்ப்பார்கள், ஜாடியைப் பார்ப்பார்கள், டிக் போடுவார்கள். ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. சம்பள நாளில் மட்டும் இருக்காது.

எண்பதுகளில் எனக்கு மாற்றல் வந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த காசிம் பாயிடம் சார்ஜ் கொடுத்தேன். சாவி இரண்டு, டார்ச் ஒன்று, குங்குமச் சிமிழ் ஒன்று.

“சிமிழ் எதுக்குண்ணே?”

சொன்னேன். அவர் ரிஜிஸ்தரை ஒருமுறை படித்தார். சிமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பொருளை உண்டாக்கியவனைவிட ரிஜிஸ்தரில் ஏற்றியவன்தான் பெரியவன். இத்தனை வருஷ சர்வீஸில் நான் கற்றது அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது ஜாடியைப் பார்த்தேன். பாய் வைத்த பொட்டு என்னுடையதைவிட வட்டமாக இருந்தது.