ஸ்டூடியோ திரையில் நம்ம ஊர்

போட்டோ ஸ்டூடியோவில் பின்திரை வரைகிறவனுக்குக் கண் உள்ள அத்தனை பேரும் முதலாளிதான். கடைக்கு போர்டு எழுதியவர்கள், கல்யாண மேடை ஜோடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். அன்னப்பறவையும் மாடிப்படியும் போட்ட பழைய திரை அலுத்துவிட்டது. நம் பக்கத்து ஊர்களையே வரைகிறேன் என்று அடம்பிடித்துத் துணி வாங்கினேன். தாமல் ஏரி, முசரவாக்கத்து வயல், பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெரு, மேலே ஒரு கோபுரம். முதலாளி மேலும் கீழும் பார்த்தார். "தை முகூர்த்தம் முடியறதுக்குள்ள ஒரு கல்யாண ஜோடியாவது இதுக்கு முன்னாடி நிக்கணும். இல்லாட்டி இது சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை. நீயும் வேற வேலை பாத்துக்கோ."

பாவும் பசுவும்

முதலில் வந்தவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர், புது மனைவியோடு. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூல் தெருவில் விரிந்து காய்வதைப் படத்தில் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறு நிமிஷமே சுருங்கியது. தெரு வெறிச்சென்று இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு பசுமாடு போட்டிருந்தேன். கோபுரத்தையோ ஏரியையோ அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. படத்து மாடு நகராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் பழைய திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "கஞ்சி போட்ட பாவுப்பா, மாடு நக்காம போவுமா? அது முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தா எனக்கு எப்படி சிரிப்பு வரும்?"

பனைமரத் தகராறு

மாட்டை அழித்து முடிப்பதற்குள் முசரவாக்கத்து அம்மாள் ஒருவர் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். வயலில் நான் போட்ட ஒற்றைப் பனைமரம் அவர் கண்ணில் பட்டது. அது என் கற்பனை மரம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மகனும் மருமகளும் மாலையோடு நிற்க, அம்மாள் திரையை மறித்துக்கொண்டார். "வரப்புக்கு இந்தாண்ட இருக்கிற எங்க மரத்த அந்தாண்ட போட்டிருக்கியேபா. எங்க கொழுந்தன் இந்த போட்டோவையே எடுத்துக்கினு கோர்ட்டுக்குப் போவான்!"

தளும்பும் ஏரி

தாமல் விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். மழை பொய்த்த சமயம். இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. "கொஞ்சம் இருபா, ஏரி ரொம்பி எத்தினி நாளாச்சு."

துணி தீர்ந்த இடம்

தையின் கடைசி முகூர்த்தம். திரைக்கு முன்னால் இன்னும் ஒரு கல்யாண ஜோடியும் நிற்கவில்லை. அன்று வந்தவர் தாமல் சூசை, கொத்தனார். காலையில்தான் மாதா கோயிலில் கல்யாணம் முடிந்து மேரியோடு வந்திருந்தார். திரையில் ஏரிக்கரை மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனார். விரல் துணி ஓரத்தில் நின்றது. "இதுக்கு அப்பால எங்க தெரு. அதக் காணோமேபா?" துணி அங்கேயே தீர்ந்துவிட்டது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரோடு போட்டாலும் லைட்டு போட்டாலும் எங்க தெருகிட்ட வரும்போதுதான் தீந்துபூடுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தையல்காரரிடம் ஓடி இரண்டு முழம் ஒட்டுப்போட்டேன். ஓலை வீடுகளும் வேப்பமரமும் வரைந்தேன். திரை சட்டத்துக்கு வெளியே தொங்குகிறது என்று முதலாளி கத்தினார். சாயங்காலம் ஜோடி நேராக அந்த ஒட்டுத்துணி முன்னால் போய் நின்றது. கேமரா வழியே பார்த்தால் அவர்கள் இருவரும் மொத்தத் தெருவையும் மறைத்துவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். மேரி அசையவில்லை. "மறைஞ்சா மறையட்டும்ணா. எங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம், நவுர மாட்டோம்."

திரை சைக்கிள் ஷெட்டுக்குப் போகாமல் தப்பியது, நானும் தப்பினேன், ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரை வரைவதென்றாலும் துணியை இரண்டு முழம் கூடவே வாங்கினேன்.